சிறைக்குள் காய்ச்சல்: மனு பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

வாரத்தில் இரண்டு நாள் ஒரு மத்திய சிறையின் வெளிவாசலில் சட்ட உதவித் தன்னார்வலராக உட்கார்கிறேன். உள்ளே இருக்கிறவரைச் சந்திக்க வருவதைத்தான் இங்கே ‘மனு பார்ப்பது’ என்பார்கள். மனு எழுதிக் கொடுப்பது, வழக்கு எண் தேடித் தருவது, வாய்தா எந்தக் கோர்ட்டில் என்று பார்த்துச் சொல்வது, இவைதான் வேலை. ஐப்பசி மழை பிடித்தால் போதும், கேள்விகள் மாறிவிடும். “உள்ள எல்லாருக்கும் இருமலாமே?” என்று ஆரம்பித்து, ஒரே சந்தேகங்கள் வேறு வேறு வாயிலிருந்து வரும். 2020க்குப் பிறகு இது எந்த வருஷமும் நின்றதில்லை. நான் மருத்துவர் இல்லை. மருத்துவர்களிடமும் வழக்கறிஞர்களிடமும் கேட்டதையும், தேடிப் படித்ததையும் வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டுவிட்டேன்.

“அவன் உள்ளயே பூட்டிக் கெடக்கான். வெளிய போறதே இல்ல. அவனுக்கு எப்படிய்யா காய்ச்சல் ஒட்டும்?”

மதில் ஆளைத்தான் தடுக்கும். காலையில் ஒரு மணி நேரம் வாசலில் நின்று பாருங்கள். இரவுப் பணி முடிந்த வார்டர்கள் வெளியே வருவார்கள், பகல் பணிக்காரர்கள் உள்ளே போவார்கள். வாய்தாவுக்குப் போகிறவர்களை வழிக்காவல் போலீசார் வேனில் ஏற்றுவார்கள். காய்கறி வண்டி வரும். பொழுது சாய்ந்தால் புது ரிமாண்ட் ஆட்கள் வந்து இறங்குவார்கள். ஸ்டேஷனில் ஒரு ராத்திரி, அரசு ஆஸ்பத்திரியில் ஒரு வரிசை, மாஜிஸ்திரேட் கோர்ட் வராந்தாவில் ஒரு மதியம், எல்லாவற்றையும் கடந்து வந்தவர்கள் அவர்கள். உங்கள் மகன் வெளியே போகாவிட்டாலும் வெளி உலகம் தினமும் அவன் பக்கத்தில் போய்ப் படுக்கிறது.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்ததும் இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் 1918ஆம் ஆண்டு ஏப்ரல், அக்டோபர், நவம்பர் என்று மூன்று தடவை இன்புளுவென்சா பரவியது. அங்கே அப்போது சுமார் 1,900 கைதிகள். சிறை மருத்துவர் லியோ ஸ்டான்லி அதை விவரமாக எழுதி, மறு வருஷம் வெளியிட்டார். மூன்று தடவையும் நோயைக் கொண்டுவந்தது புதிதாக வந்து சேர்ந்த ஒரு கைதி. ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் படம் காட்டுவார்கள். அடுத்த இரண்டு மூன்று நாளில் படுக்கைகள் நிரம்பின. நூறு வருஷம் கழித்து இதே சிறையில் என்ன நடந்தது என்பதைக் கீழே, இடமாற்றம் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

“கொரோனாதான் போயிடுச்சே, இன்னும் எந்த வைரஸ்?”

கொரோனா போகவில்லை, வீரியம் குறைந்து கூடவே இருக்கிறது. அதோடு ஒவ்வொரு மழைக்காலத்திலும் வரும் ஃப்ளூ, அதாவது மேலே சொன்ன இன்புளுவென்சா, இருக்கிறது. நம் ஊரில் பன்றிக்காய்ச்சல் என்று பேர் வாங்கியதும் அந்தக் குடும்பம்தான். ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ் குழந்தைகளையும் முதியவர்களையும் படுத்தும். தாயோடு சிறையில் வளரும் சின்னப் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி இரண்டும் மூச்சு, எச்சில் வழியாகப் பரவுகிறவைதான். அமெரிக்காவில் குடியேறிகளைப் பிடித்து வைக்கும் தடுப்பு மையங்களில் 2018 செப்டம்பரிலிருந்து ஒரு வருஷத்துக்குள் 898 பேருக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. 19 மாநிலங்களில் 57 மையங்கள். ஒரு மையத்திலிருந்து இன்னொன்றுக்கு ஆட்களை மாற்றிக்கொண்டே இருந்தால் நோயும் கூடவே போகாமல் என்ன செய்யும்?

காசநோயையும் சிலர் இதில் சேர்த்துக் கேட்பார்கள். அது வைரஸ் இல்லை, பாக்டீரியா. ஆனால் பரவும் வழி அதே காற்றுதான். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை கேளுங்கள்.

“கல்யாண மண்டபத்துல, டவுன் பஸ்ல இல்லாத கூட்டமா? ஜெயில்ல மட்டும் என்ன தனியா?”

பஸ்ஸில் அரை மணி, மண்டபத்தில் அரை நாள். அப்புறம் இறங்கி வீட்டுக்குப் போய்விடலாம். சிறையில் சாயங்காலம் கொட்டடியைப் பூட்டினால் விடிந்துதான் திறப்பார்கள். சுமார் 12 மணி நேரம் அதே காற்று, அதே பக்கத்துப் பாய், மூலையில் அதே கழிப்பறை. இருமுகிறவர் பக்கத்திலிருந்து எழுந்து போக இடம் கிடையாது.

இந்தியாவின் மாதிரிச் சிறைக் கையேடு, பலர் சேர்ந்து தூங்கும் கொட்டடியில் ஆளுக்கு 3.71 சதுர மீட்டர் தரை வேண்டும் என்கிறது. எட்டடிக்கு ஐந்தடி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு கட்டிலும் கால் வைக்க இடமும். கணக்கு அப்படி. நடப்பு என்னவென்றால், தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாடு முழுக்கச் சிறைகளில் 5,73,220 பேர். 100 பேருக்கான இடத்தில் 131 பேர். தமிழ்நாட்டின் மொத்தக் கணக்கு 100க்குக் கீழேதான் இருக்கிறது, அது நல்ல விஷயம். ஆனாலும் மாநிலக் கணக்கை வைத்து உங்கள் மகன் படுக்கும் கொட்டடியை அளக்க முடியாது. ஒரு பிளாக் காலியாகவும் அடுத்தது நெருக்கியடித்தும் இருக்கலாம்.

இன்னொன்று, உள்ளே இருக்கிறவர்கள் உடம்பு. ஆஸ்துமா, சர்க்கரை, பழைய காசநோய்த் தழும்பு, குடியால் கெட்ட ஈரல், வெளியே இருந்தபோதே வைத்தியம் பார்க்காதவர்கள் நிறைய. அமெரிக்காவில் 2020 ஜூன் தொடக்கம் வரையான கணக்கைப் பார்த்த ஆய்வில், கைதிகளுக்குக் கொரோனா தொற்றியது வெளியே இருக்கிறவர்களைப் போல 5.5 மடங்கு. வயது வித்தியாசத்தைச் சரிசெய்து பார்த்தால் சாவு 3 மடங்கு.

“சுவரு இல்லாம கம்பிக் கதவுதானே? காத்து வருமே?”

கம்பிக் கதவு இரண்டு பக்கமும் வேலை செய்யும். எதிர் சுவரில் ஜன்னல் திறந்திருந்தால் காற்று நுழைந்து வெளியேறும், நல்லது. அந்த ஜன்னல் மூடியிருந்தால், ஒரு செல்லின் காற்று வராந்தாவில் இறங்கி அடுத்த செல்லுக்குள் ஏறும். கதவு பூட்டியிருப்பதால் ஆள் தனியாக இருப்பது போலத் தெரியும், மூச்சு தனியாக இருக்காது.

2020 ஜூனில் சான் குவென்டினைப் பார்வையிட்ட பல்கலைக்கழக மருத்துவர்கள் குறித்த ஒரு விஷயம் என் மனசை விட்டுப் போகவில்லை. அங்கே ஜன்னல்களை வெல்டிங் வைத்து மூடியிருந்தார்கள். காற்றை இழுத்து வெளியே தள்ளும் விசிறிகள் பல வருஷமாக ஓடிய மாதிரியே தெரியவில்லை என்று எழுதினார்கள். அடுக்கடுக்காக செல்கள், எல்லாவற்றுக்கும் ஒரே காற்று. நம் பழைய சிறைகளின் உயரமான கூரையும் எதிரெதிர் ஜன்னலும் இந்த விஷயத்தில் உதவிதான். மழைச்சாரல் அடிக்கிறது, கொசு வருகிறது என்று அவற்றைத் தார்பாய் போட்டு மூடிவிட்டால் அந்த உதவியும் போச்சு. மனுவில் எழுதக்கூடிய சின்னக் கோரிக்கை இது: வலை அடியுங்கள், மூடாதீர்கள்.

“புதுசா வர்றவங்கள குவாரன்டைன்ல வைக்கிறாங்களாம். அது போதாதா?”

முறையாகச் செய்தால் பெரிய பலன் உண்டு. முதல் பதிலில் சொன்னபடி நோய் பெரும்பாலும் வாசல் வழியாகத்தானே வருகிறது. கொரோனா சமயத்தில் தமிழ்நாட்டில் புது ரிமாண்ட் ஆட்களை நேரே மத்திய சிறைக்கு அனுப்பாமல், குறிப்பிட்ட கிளைச்சிறைகளில் சில நாள் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். சரியான முடிவு அது.

பிசகு நடப்பது எங்கே என்றால், ஒரே அறையில் திங்கள்கிழமை வந்தவரையும் வியாழக்கிழமை வந்தவரையும் சேர்த்துப் போடும்போது. வியாழன் வந்தவருக்கு நோய் இருந்தால், திங்கள் வந்தவரின் நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். அதை யாரும் தொடங்குவதில்லை. பத்தோடு பதினொன்றாக அவரையும் பெரிய கொட்டடிக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரே நாளில் வந்தவர்களை ஒரே கூட்டமாக வைத்து, அதில் புது ஆளைச் சேர்க்காமல் இருப்பதுதான் முறை. ஃப்ளூ உடம்புக்குள் போய் ஒன்று முதல் நான்கு நாளில் வெளியே தெரியும், கொரோனாவுக்கு 14 நாள்வரை ஆகலாம். எந்த நோய் என்பதைப் பொறுத்து நாள் மாறும்.

“வேற ஜெயிலுக்கு மாத்தினா நெரிசல் குறையும், நல்லதுதானே?”

நியாயமாகத் தோன்றும் யோசனை. அதனாலேயே ஆபத்தானது. இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

2020 மே மாதம் கலிபோர்னியாவின் சீனோ என்ற ஊரில் உள்ள சிறையில் கொரோனா பரவிக்கொண்டிருந்தது. அங்கே இருந்த வயதானவர்கள், நோயாளிகளைக் காப்பாற்ற வேண்டும் என்று அதிகாரிகள் நினைத்தார்கள். நல்ல நோக்கம்தான். மே 30ஆம் தேதி 122 பேரை பஸ்ஸில் ஏற்றி சான் குவென்டினுக்கு அனுப்பினார்கள். அதுவரை அங்கே கைதிகளிடம் ஒரு தொற்றுகூடப் பதிவாகவில்லை. கிளம்பியவர்களில் பெரும்பாலானோருக்கு எடுத்திருந்த பரிசோதனை மூன்று, நான்கு வாரம் பழையது. மறுபடி டெஸ்ட் எடுத்துவிட்டு அனுப்பலாமே என்று அங்கேயே ஊழியர் ஒருவர் கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று மேலிருந்து பதில் வந்தது. போய் இறங்கியவர்களை மேலே சொன்ன மாதிரி கம்பிக் கதவு செல்களில் வைத்தார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் 2,200க்கும் மேற்பட்ட கைதிகளுக்குத் தொற்று. 28 கைதிகளும் ஓர் ஊழியரும் இறந்துபோனார்கள். கைதிகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறையுங்கள் என்று ஜூனிலேயே அந்தப் பல்கலைக்கழக மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உத்தரவாகப் போட்டது. அதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது.

நம் உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 23ஆம் தேதி உத்தரவில், நெரிசலைக் குறைக்கவும் சிகிச்சைக்கும் தவிர வழக்கமான சிறை மாற்றங்கள் வேண்டாம் என்றது. உங்கள் ஆளைப் பரவல் நேரத்தில் மாற்றப் போகிறார்கள் என்று தெரிந்தால், கிளம்பும் முன் புதிதாக எடுத்த பரிசோதனையும் போன இடத்தில் சில நாள் தனி அறையும் கேட்டு எழுதுங்கள்.

“காய்ச்சல்னு சொன்னா தனிச்செல்லுல போட்ருவாங்களாம். அதனால சொல்லவே மாட்டேங்குறான்.”

இந்தப் பக்கத்தை எழுத என்னை உட்கார வைத்ததே இந்தக் கேள்விதான். ஓர் அம்மா சொன்னார். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மகன் இருமலை அடக்கிக்கொண்டு நின்றானாம், கண்ணில் தண்ணீர் முட்ட. “ஏன்டா சொல்லல” என்றதற்கு, “சொன்னா தனியா போட்ருவாங்கம்மா, மனுவும் கட்” என்றானாம்.

தனிச்செல் என்பது உள்ளே தண்டனைக்கு வைத்திருக்கும் இடம். அதே இடத்தை, அதே கெடுபிடியோடு, நோயாளிக்கும் கொடுத்தால் யார் வாயைத் திறப்பார்கள்? சொல்லாமல் இருக்கும் மூன்று நாளில் கொட்டடி முழுக்கப் பரவிவிடும். நோய்க்காகத் தனியாக வைப்பது தேவைதான். ஆனால் அது தண்டனை மாதிரி இருக்கவே கூடாது. தினமும் மருத்துவர் பார்க்க வேண்டும், சுடுதண்ணீரும் சாப்பாடும் ஒழுங்காக வர வேண்டும், வீட்டுக்குப் போன் பேச விட வேண்டும், எத்தனை நாள் என்று முதல் நாளே சொல்ல வேண்டும், அவருடைய துணிமணி, கடிதங்கள் கூடப் போக வேண்டும். செலவு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. இதைச் செய்கிற அதிகாரிக்குத் தகவல் தானாக வந்துசேரும்.

நீங்கள் செய்யக்கூடியது: மனு பார்க்கும்போது “சொல்லு, நாங்க வெளிய இருந்து கேக்குறோம்” என்று தைரியம் கொடுங்கள். கடைசிக் கேள்வியில் வழி சொல்லியிருக்கிறேன்.

“இருமுறவனுக்கு மட்டும் டெஸ்ட் எடுத்தா போதாதா?”

போதாது. அமெரிக்காவின் ஓகியோ மாநிலத்தில் மேரியன் சிறையில் 2020 ஏப்ரலில் எல்லாருக்கும் பரிசோதனை எடுத்தபோது முக்கால்வாசிக்கு மேல் தொற்று இருந்தது. அவர்களில் நிறையப் பேருக்கு ஓர் அறிகுறியும் கிடையாது. ஃப்ளூவிலும் அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்கும். ஒரு கொட்டடியில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் காய்ச்சல் என்றாலே அந்தக் கொட்டடி மொத்தத்தையும் பார்க்க வேண்டும்.

“நாங்க மனு பாக்க வர்றதுனாலதான் பரவுதுன்னு நிறுத்திட்டாங்க. இது நியாயமா?”

பரவல் உச்சத்தில் இருக்கும்போது சில வாரம் நிறுத்துவதில் நியாயம் உண்டு. ஆனால் ஒரு கைதியை அவ்வப்போது பார்த்துவிட்டுப் போகிறவர் நீங்கள். வார்டர் எட்டு மணி நேரம் உள்ளே நிற்கிறார். புது ரிமாண்ட் ஆள் பக்கத்திலேயே படுக்கிறார். ஆபத்து வரிசையில் கடைசியில் இருக்கிற குடும்பத்தைத்தான் முதலில் நிறுத்துகிறார்கள், அதுதான் சுலபம் என்பதால்.

மனு அறையின் அமைப்பையும் சொல்ல வேண்டும். இரண்டு அடுக்குக் கம்பி வலை, நடுவில் இடைவெளி, இந்தப் பக்கம் முப்பது பேர், அந்தப் பக்கம் முப்பது பேர். பக்கத்தில் இருக்கிறவர் சத்தத்தை மீறிக் கத்தினால்தான் கேட்கும். சாதாரணப் பேச்சைவிடக் கத்தும்போது வாயிலிருந்து வரும் துகள்கள் பல மடங்கு. கண்ணாடித் தடுப்பும் போனும் வைத்த இடங்களில் இந்தக் கத்தல் இல்லை. அங்கே ரிசீவரை ஒவ்வொருவர் பேசி முடித்ததும் துடைத்தால் போதும்.

நிறுத்தினால் மாற்று கொடுக்க வேண்டும். 2020ல் தமிழ்நாட்டுச் சிறைகளில் வீடியோ அழைப்பு வந்தது அப்படித்தான். தகவலே இல்லாமல் அடைத்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணங்கள் இருக்கின்றன. இத்தாலியில் 2020 மார்ச்சில் சந்திப்பை நிறுத்தியதும் பல சிறைகளில் கலவரம் வெடித்து 13 கைதிகள் இறந்தார்கள். இலங்கையில் அதே வருஷம் நவம்பர் 29ஆம் தேதி மஹர சிறையில், பரிசோதனை எடுங்கள், தொற்று உள்ளவர்களைப் பிரித்து வையுங்கள் என்று கேட்ட கைதிகளின் போராட்டம் கலவரமானது. 11 பேர் செத்தார்கள், நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். அவர்கள் கேட்டது மருத்துவர்களும் கேட்டிருக்கக்கூடிய விஷயம்தான்.

“என் வீட்டுக்காரர் வார்டர். எங்களுக்கு யாரு பதில் சொல்றது?”

இதைக் கேட்டவர் கைக்குழந்தையோடு நின்றார். கேட்க வேண்டிய கேள்வி. வார்டர் குடியிருப்பு பெரும்பாலும் சிறையை ஒட்டியே இருக்கும். நோய் உள்ளிருந்து அங்கே வரும், அங்கிருந்து பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் போகும். சிகாகோவின் குக் கவுண்டி சிறையை வைத்து நடந்த ஆய்வில், 2020 ஏப்ரல் நடுப்பகுதிவரை இல்லினாய் மாநிலத்தில் பதிவான கொரோனாத் தொற்றுகளில் 15.7 சதவீதம் அந்த ஒரு சிறைக்குள் போய் வந்தவர்களின் நடமாட்டத்தோடு தொடர்புடையது என்று கணக்கிட்டார்கள்.

காய்ச்சல் வந்த வார்டருக்குச் சம்பளம் பிடிக்காத விடுப்பு வேண்டும். லீவு போட்டால் திட்டு விழும் என்று மாத்திரை போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போகிறவரும், தனிச்செல்லுக்குப் பயந்து இருமலை அடக்குகிறவரும் ஒரே காரணத்துக்காகத்தான் மறைக்கிறார்கள்.

“மாஸ்க், சானிடைசர் வாங்கிக் குடுத்தா உள்ள விடுவாங்களா?”

சானிடைசரில் ஆல்கஹால் இருப்பதால் பொதுவாக விட மாட்டார்கள். சோப்பு போதும், சோப்பும் தண்ணீரும் நன்றாகவே வேலை செய்யும். மாஸ்க் அந்தந்தச் சிறை அனுமதியைப் பொறுத்தது, வாசலில் கேளுங்கள்.

“ஆதார் இல்லாம தடுப்பூசி போடுவாங்களா?”

போடலாம். கொரோனாத் தடுப்பூசிக்கு, அடையாள அட்டை இல்லாதவர்களுக்கும் போடும் வழிமுறையை 2021 மே மாதமே மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்டது. அதில் சிறைக் கைதிகளையும் குறிப்பிட்டிருந்தார்கள். ஃப்ளூ தடுப்பூசி ஒவ்வொரு வருஷமும் போட வேண்டியது. சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர், கர்ப்பிணி, 60 வயது தாண்டியவர் என்றால் சிறை மருத்துவருக்கு எழுதிக் கேளுங்கள்.

“கொரோனாவுல நெறைய பேர விட்டாங்களே. இப்ப காய்ச்சல சொல்லி ஜாமீன் கேக்கலாமா?”

அந்த உத்தரவு அந்தக் காலத்துக்கு. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து, ஒவ்வொரு மாநிலமும் உயர்மட்டக் குழு அமைத்து யாரை ஜாமீனிலோ பரோலிலோ விடலாம் என்று முடிவு செய்யச் சொன்னது. ஏழு வருஷம்வரை தண்டனை உள்ள வழக்குகள் ஓர் உதாரணமாகச் சொல்லப்பட்டன. 2021 மே 7ஆம் தேதி, இரண்டாம் அலையில், முன்பு விட்டவர்களை மறுபடி விடச் சொன்னது. 2023 மார்ச் 24ஆம் தேதி, அப்படி வெளியே வந்தவர்கள் 15 நாளில் சரணடைய வேண்டும் என்று முடித்தும் வைத்தது.

இப்போது சாதாரணக் காய்ச்சலை மட்டும் சொல்லி ஜாமீன் கிடைப்பது கஷ்டம். வேறு இரண்டு வழி இருக்கிறது. நோயுற்றவர், உடல் தளர்ந்தவர் என்பதை ஜாமீனுக்குக் கணக்கில் எடுக்க, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 480ஆம் பிரிவில் இடம் உண்டு. நாள்பட்ட நோய்க்கான மருத்துவ ஆவணம் வேண்டும். 479ஆம் பிரிவின்படி, முதல் தடவை வழக்கில் சிக்கிய விசாரணைக் கைதி, அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே இருந்துவிட்டால் விடுதலை கேட்கலாம், மற்றவர்களுக்குப் பாதி. தூக்கு, ஆயுள் தண்டனை உள்ள குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நடக்கிறவர்களுக்கும் இது பொருந்தாது. காலம் முடிந்ததும் சிறைக் கண்காணிப்பாளரே கோர்ட்டுக்கு எழுத வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எழுதினாரா என்று கேளுங்கள்.

“தப்பு பண்ணவனுக்கு இவ்வளவு வேணுமா?”

டீக்கடையில் கேட்ட கேள்வி. 2022 கணக்கில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நாலில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். தப்பு செய்தார்களா என்று இன்னும் கோர்ட் சொல்லவில்லை. தண்டனை பெற்றவருக்கும் நீதிபதி எழுதியது வருஷக் கணக்கு. அந்தத் தீர்ப்பில் நிமோனியா கிடையாது. ஐ.நா. 2015ல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் 24ஆவது விதி, வெளியே மக்களுக்குக் கிடைக்கும் அதே தரத்தில் கைதிக்கும் மருத்துவம் தர வேண்டும் என்கிறது. அப்புறம், வார்டர் வீட்டுக் குழந்தையைப் பற்றி மேலே சொன்னதையும் படித்துப் பாருங்கள்.

“உள்ள காய்ச்சல்ல படுத்திருக்கான்னு ஆள் மூலமா தகவல் வந்திருக்கு. இப்ப நான் என்ன பண்ணணும்?”

மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, உதடு நீலம் பூப்பது, பேச்சு குழறுவது, இறங்கிய காய்ச்சல் மறுபடி ஏறுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே வெளி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஃப்ளூ மாத்திரையான ஓசெல்டாமிவிர் முதல் இரண்டு நாளுக்குள் கொடுத்தால்தான் நல்ல பலன் தரும். ஆகவே அடுத்த மனு நாள்வரை காத்திருக்காதீர்கள்.

சிறைக் கண்காணிப்பாளர் பேருக்கு ஒரு வெள்ளைத்தாளில் எழுதுங்கள். கைதியின் பெயர், தகப்பன் பெயர், சிறை எண், பிளாக், என்றைக்கிலிருந்து என்ன தொந்தரவு, ஏற்கெனவே உள்ள நோய், சாப்பிடும் மாத்திரை. பழைய மருந்துச் சீட்டு இருந்தால் நகல் வையுங்கள். அதே மனுவின் ஒரு பிரதியை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குக் கொடுங்கள், இலவசம்தான். நேரில் போக முடியாவிட்டால் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். வக்கீல் இருந்தால், அடுத்த வாய்தாவில் சிறை மருத்துவ அறிக்கையைக் கேட்டு கோர்ட்டில் மனு போடச் சொல்லுங்கள். வாசலில் மனுவைக் கொடுத்ததும் உங்கள் கையில் இருக்கும் நகலில் தேதியும் நேரமும் போட்டு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்காமல் அங்கிருந்து நகர வேண்டாம்.